அறுபத்து நான்காவது துண்டு

அண்ணியைப் பற்றி நாத்தனார் நல்லபடியாக நாலு வார்த்தை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் குறைகளை முதலில் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். என் அண்ணிக்குச் சமையலில் உப்பு நிதானம் கிடையாது. எந்த வீட்டுக்குப் போனாலும் ஜன்னல் திரையின் ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பாள். ஒரு தடவை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், இறந்தவர் மேலே போர்த்தியிருந்த துணியின் மடிப்பைத் தடவிவிட்டு, "நல்ல கைத்தையல்" என்று சொல்லி என் மானத்தை வாங்கினாள். தனக்கென்று வாய் திறந்து எதையும் கேட்கமாட்டாள். இந்தக் கடைசிக் குறைதான் எனக்கு எரிச்சல் மூட்டுவது. இந்தக் கதையும் அதைப் பற்றித்தான்.

எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு. அதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பாதி ஊர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று சண்டைக்கு வரும். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து பிரசவ ஆஸ்பத்திரி கட்டிய டாக்டரம்மாவின் பெயர் அது. ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெயர். ஆஸ்பத்திரி இருக்கும் தெருவுக்கு அந்தப் பெயர். அப்புறம் பெண்கள் பள்ளிக்கூடம், விடுதி, பாலம், லாட்ஜ், மீட்டிங் ஹால், இரண்டு மருந்துக்கடை, ஒரு சைக்கிள் கடை. பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரைச் சொன்னால் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கமாட்டார். "ஆஸ்பத்திரியா, ஸ்கூலா, பாலமா? தெளிவா சொல்லும்மா" என்பார். தெருவுக்கு ஒன்றிரண்டு பெண்களுக்காவது அதே பெயர். சந்தையில் யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் பத்துத் தலை திரும்பும்.

எனக்கும் அதே பெயர்தான். என் அண்ணிக்கும் அதே பெயர்தான்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே என் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும்." பெயர் எனக்கு என்று ஆனது, ஏனென்றால் நான் முன்னால் வந்தவள். அண்ணி அண்ணியாக, மருமகளாக, அத்தையாக ஆனாள். என் அண்ணன் அவளை "இந்தா" என்றுதான் கூப்பிடுவான். ரொம்பப் பிரியம் வந்தால் "இந்தாம்மா". நான் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகாவது அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை, தோன்றவே இல்லை. அவள் தன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டே இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டாள்.

பிறந்த வீட்டிலும் அவளுக்குப் பெயர் வாய்க்கவில்லை. அது ஒரு கூத்து. அவள் அம்மா ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே வேறொரு பெயரைத் தேர்ந்து, நர்ஸிடம் சொல்லி, அங்கே புத்தகத்திலும் ஏற்றிவிட்டாள். அப்பா அதே பெயரை முனிசிபாலிடியில் பதிய வேண்டும். மனுஷர் முதல் குழந்தை பிறந்த குஷியில் அன்றைக்கே கிளம்பி, வழியெல்லாம் எதிர்ப்பட்டவர்களோடு பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். குமாஸ்தா "என்ன பேர்?" என்று கேட்டபோது சுத்தமாக மறந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வெள்ளைத் துண்டு கொடுப்பார்கள். ஊரில் அதற்குப் பிள்ளைத்துண்டு என்று பேர். மூலையில் நீல நூலால் ஆஸ்பத்திரியின் பெயரைப் பின்னியிருக்கும். அந்தத் துண்டு மாப்பிள்ளைத் துண்டு மாதிரி அவர் தோளில் கிடந்தது. அவர் அதை எடுத்து மேஜைமேல் விரித்து, "இதையே எழுதுங்க" என்றுவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் அம்மாக்காரி ஒரு மாசம் புருஷனோடு பேசவில்லை. மகளை அந்தப் பெயர் சொல்லிக் கடைசிவரை கூப்பிடவும் இல்லை. கல்யாணம் வரைக்கும் "பாப்பா" தான். மூன்றாம் வகுப்பில் ஒரே பெயரில் ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். டீச்சர் அவர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டுவிட்டார். அண்ணி நாலு. வருஷம் பூராவும் "நாலு, எழுந்திரு" தான்.

இந்தக் கதையை அண்ணி என்னிடம் ஒரே ஒரு தரம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "எல்லாருக்கும் டாக்டரம்மா ஞாபகமா வெச்ச பேரு. எனக்கு மட்டும் துணியப் பாத்து வெச்சது. யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்றாள். அப்போது சிரிப்பு நின்றிருந்தது.

துணியைப் பார்த்துப் பெயர் வைத்த பெண் துணியிலேயே பிழைக்கப் போனாள். ஆஸ்பத்திரித் தெருவில் ஒரு பெரிய லாண்டரி இருக்கிறது. அதன் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி, விடுதி, லாட்ஜ், மீட்டிங் ஹால் நாலு இடத்து வெள்ளைத் துணியும் அங்கேதான் வரும். நாலிலும் மூலையில் ஒரே பெயர்தான் பின்னியிருக்கும். டிரம்மில் சுற்றி, பிழிந்து, நீளமான உருளையில் இஸ்திரியாகி வெளியே வந்தால் எது எவருடையது என்று பிரம்மாவுக்கே தெரியாது. அண்ணிக்குத் தெரியும். பிரிக்கிற மேஜைக்கு முன்னால் நின்று, விரிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுப்பாள். ஆஸ்பத்திரி ஓரம் இரட்டை மடிப்பு. லாட்ஜ் ஓரம் தலைமாட்டில் அகலம். விடுதித் துணியின் முனையைப் பிள்ளைகள் கடித்திருப்பார்கள். ஹால் துணியில் எத்தனை வெளுத்தாலும் மேஜைக்கால் தேய்த்த தடம் இருக்கும். பேச்சை நிறுத்தாமலே நாலு தள்ளுவண்டியில் பிரித்து வீசிவிடுவாள். அங்கே எல்லோரும் அவளை "ஓரத்தக்கா" என்பார்கள்.

அவள் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தபோது ஆஸ்பத்திரி அங்கிகள் லாட்ஜுக்குப் போய்விட்டன. குளித்துவிட்டு அதை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவந்த ஒரு விருந்தாளி, தனக்கு என்ன ஆபரேஷன் என்று மேனேஜரிடம் கேட்டாராம். அதிலிருந்து முதலாளி, அண்ணி தும்மினால்கூட ஓடிவந்து மாத்திரை கொடுப்பார்.

ஆஸ்பத்திரியின் நூறாவது வருஷம் வந்தது. அங்கே பிறந்து அந்தப் பெயரோடு இருக்கும் பெண்கள் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் படிகளில் வரிசையாக நிற்க வேண்டும், ஒவ்வொருவரையும் மைக்கில் கூப்பிட்டுப் பூ கொடுப்பார்கள், போட்டோ எடுத்து உள்ளே மாட்டுவார்கள் என்று ஏற்பாடு. பொறுப்பு சாக்பீஸ் டீச்சருடையது. ரிடையர் ஆகிப் பதினைந்து வருஷம் ஆகியும் கைப்பையில் சாக்பீஸ் வைத்திருப்பவர். அவருக்கும் அதே பெயர்தான். அண்ணிக்கு நாலு என்று எண் போட்ட மகராசி இவர்தான்.

அழைப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அண்ணி தன் நீலப் புடவைக்குக் கஞ்சி போட்டு, மடிப்பு எடுத்து, கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தாள். என்னவென்று நான் கேட்டதற்கு "சும்மா, காத்தாடட்டும்" என்றாள். எனக்கு அழைப்பு வந்தது, நாற்பத்தொன்று என்று எண் போட்ட அட்டையோடு. மொத்தம் அறுபத்து மூன்று பேருக்கு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. மறுநாள் நான் போனபோது கதவுக்குப் பின்னால் புடவை இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு ஆசை இருந்தது. ஆயுசில் ஒரு தரம், நாலு பேர் நடுவில், தன் பெயர் சொல்லி யாராவது தன்னைக் கூப்பிட வேண்டும் என்ற ஆசை. அந்தப் பெயரை இத்தனை வருஷம் நான்தான் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேராகச் சாக்பீஸ் டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

"ஆஸ்பத்திரிப் புத்தகத்துல அந்தத் தேதிக்கு வேற பேர்தான் இருக்கு," என்றார் அவர்.

"அது அவங்க அம்மா சொன்ன பேரு டீச்சர். முனிசிபாலிடியில மாத்திப் பதிஞ்சுட்டாங்க."

"புத்தகத்துல இருக்கற குழந்தையும் உங்க அண்ணியும் ஒண்ணுதான்னு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீ அப்ப பொறந்தியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன. எழுத்துல ஏதாவது இருந்தா கொண்டுவா."

டீச்சர் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான் மிச்சம் என்று திரும்பி வந்தேன். துண்டுக் கதையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாதே என்று அண்ணி கேட்டிருந்தாள், அதனால் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணியிடம் போய்ப் புலம்பினால், "எனக்கெதுக்குடி அதெல்லாம்? ஞாயித்துக்கெழம எனக்கு விடுதித் துணி இருக்கு" என்று என்னையே சமாதானப்படுத்தினாள்.

இதற்கு நடுவில் டீச்சருக்கு ஒரு யோசனை உதித்தது. ஒவ்வொருத்தியும் தான் பிறந்தபோது சுற்றிய பிள்ளைத்துண்டைக் கொண்டுவர வேண்டும். வீட்டில் தாறுமாறாகக் கிடக்கிற துண்டுகளை எல்லாம் லாண்டரியில் ஒன்றாக வெளுத்து, ஆஸ்பத்திரி வாசலில் கொடி கட்டித் தொங்கவிட்டு, அவரவர் துண்டுக்குக் கீழே அவரவர் நிற்க வேண்டும். நல்ல யோசனைதான். வெள்ளிக்கிழமைக்குள் துண்டைக் கொண்டுவந்து, அதில் அடையாளத்துக்கு ஒரு சீட்டு குத்திக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

"சீட்டுல என்ன எழுதணும் டீச்சர்?"

"உங்க பேரத்தான். வேற என்ன?"

அறுபத்து மூன்று பேரும் சொன்னபடி எழுதினோம். நானும்தான் எழுதினேன், எனக்கு மட்டும் மூளை தனியாகவா இருக்கிறது. கொஞ்சம் விவரமான நாலைந்து பேர் தெருவின் பெயரையும் சேர்த்து எழுதினார்கள். தெருவுக்கும் அதே பெயர்.

சனிக்கிழமை மத்தியானம் துண்டுகளை எடுத்துப்போக டீச்சர் வந்தார். நானும் கூட இருந்தேன். மேஜைமேல் துண்டுகள் வெளுத்து, இஸ்திரியாகி, ஒரே உயரத்தில் அடுக்கி இருந்தன. டிரம் ஓட்டுகிறவர் ஒரு பிஸ்கட் டப்பாவைப் பெருமையாக நீட்டினார். "குண்டூசி டிரம்முக்கு ஆகாதுங்க. அதனால கழட்டிட்டேன். ஆனா ஒரு சீட்டுகூடத் தொலையல. எண்ணிப் பாத்துக்கங்க."

டீச்சர் டப்பாவைத் திறந்து ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். இன்னொன்றை எடுத்தார். ஐந்தாவது சீட்டில் அவர் முகம் மாறிவிட்டது. "ஏன், அந்தப் பேரத்தான எழுதச் சொன்னேன்" என்று தனக்குத் தானே மெதுவாகச் சொன்னார். எனக்கு அவரைப் பார்த்துப் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்புதான் முந்தியது.

"கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கே," என்று நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளைக்குக் காலைல விழா."

அண்ணி அடுக்கிலிருந்து மேல் துண்டை எடுத்து ஓரத்தை ஒரு இழுப்பு இழுத்தாள். அடுத்ததையும் இழுத்துப் பார்த்தாள். பிறகு, "எல்லாரையும் நாலு மணிக்கு இங்க வரச் சொல்லுங்க டீச்சர்" என்றாள், விடுதித் துணிக்கு வண்டி வரச் சொல்வதுபோல.

நாலு மணிக்கு லாண்டரியில் கால் வைக்க இடமில்லை. தள்ளுவண்டிகளை ஓரம் கட்டி, துணி மூட்டைகள்மேல் வயதானவர்களை உட்கார வைத்தோம். யாரோ வாசலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட, உள்ளே அத்தனை பேரும் "என்ன?" என்றார்கள். அதற்குள் அண்ணி துண்டுகளை வயசுவாரியாகப் பிரித்திருந்தாள். கையால் தைத்த ஓரம் என்றால் எழுபதைத் தாண்டியவர்கள். மிஷின் தையல், கருநீல நூல் என்றால் ஐம்பதுக்காரர்கள். வெளிர்நீலம் என்றால் இன்னும் சின்னவர்கள்.

முதலில் என்னுடையதைத்தான் தூக்கிப்போட்டாள். "இந்தாடி. உங்கம்மா இதால அடுப்புலேருந்து பாத்திரம் எறக்கியிருக்காங்க, பாரு பொசுக்கி வெச்சிருக்கறத." அம்மாவின் கைவரிசை, சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு அவள் கை ஓயவில்லை. "இதுல கிரீஸ் போகல. சைக்கிள் கடை வீட்டுப் பொண்ணு யாரு? வாங்க." "இந்தத் தையல் எடதுகைத் தையல். யாரோட அம்மாக்கு எடதுகைப் பழக்கம்?" பின்னாலிருந்து ஒரு நர்ஸம்மா கையைத் தூக்கினார். "இதுக்கு நாடா வெச்சுக் கழுத்துல கட்டியிருக்காங்க. தையக்காரர் மகதான் இது." "இதோட முனைல காசு முடிஞ்சு முடிஞ்சு நூல் தளர்ந்துபோச்சு. சின்ன வயசுலயே கெட்டிக்காரி யாருங்க?" அதற்கு ஆறு பேர் வந்தார்கள். அண்ணி ஆறு பேரையும் முடிச்சுப் போட்டுக் காட்டச் சொல்லி, ஒருத்தியிடம் கொடுத்தாள். மற்ற ஐந்து பேரும் கைதட்டினார்கள்.

மார்க்கெட்டில் முட்டை விற்கிற அம்மாள் தன் துண்டை வாங்கிக்கொண்டு, "என்னது கிழிசலா இருக்கு?" என்றாள். அண்ணி அதை வெளிச்சத்தில் பிடித்தாள். "கிழிசல் இல்ல. பதிமூணு எடத்துல இழை ஓட்டியிருக்காங்க. ஒவ்வொண்ணும் வேற வேற வருஷத்து நூல். உங்கம்மா இத விடவே இல்ல." அந்த அம்மாள் துண்டை மடித்து இடுப்பில் செருகி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றாள்.

ஆறு மணிக்குள் அறுபத்து மூன்று பேர் கையிலும் துண்டு இருந்தது. மேஜைமேல் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

"இது யாருது?" என்றார் டீச்சர்.

எல்லோரும் அவரவர் கையிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டார்கள். மத்தியானத்திலிருந்து கணீரென்று பேசிக்கொண்டிருந்த அண்ணி, தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்க துணி ஏதாவது கலந்து வந்திருக்கும் டீச்சர்" என்றாள்.

இருபத்து நாலு வருஷத்தில் அவள் மேஜையில் ஒரு துணி கலந்து வந்ததில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நான் அந்தத் துண்டை எடுத்து விரித்தேன். புதிது மாதிரி இருந்தது, ஒரு நாள்கூடப் பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்த துணி. மூலையில் கருநீலத்தில் பெயர். அதன்மேலேயே ஊதா மையில் பாதி வட்டமாக ஒரு கறை. உற்றுப் பார்த்தேன். கறை இல்லை, முத்திரை. முனிசிபாலிடியின் பெயரில் பாதியும், தேதியும் தெரிந்தன. அப்பா துண்டை மேஜைமேல் விரித்துக் காட்டியபோது குமாஸ்தா காகிதத்தில் குத்திய முத்திரை பாதி துணியில் இறங்கியிருக்கிறது.

"அண்ணி, சொல்லட்டுமா?" என்றேன்.

அவள் வேண்டாம் என்று தலையசைக்கவில்லை. அது போதும் எனக்கு. துண்டுக் கதையை முதலிலிருந்து கடைசிவரை, மூச்சு விடாமல், மூட்டைமேல் ஏறி நின்று சொன்னேன். "எழுத்துல கேட்டீங்களே டீச்சர். துணி உங்க ஆஸ்பத்திரியோடது. முத்திரை முனிசிபாலிடியோடது. தேதி புத்தகத்துல இருக்கற தேதி. இன்னும் என்ன வேணும்?"

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்திரையைப் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்துத் தேதியைச் சரிபார்த்தார். இரண்டு தரம் சரிபார்த்தார். பிறகு அண்ணியிடம், "இத ஏன் முன்னாடியே காட்டல?" என்றார்.

"துணியப் பாத்து வெச்ச பேரு டீச்சர். சொல்லிக்கற மாதிரி இல்ல. சரி, எல்லாத் துண்டோடயும் ஒரு நாள் கொடியில தொங்கட்டுமேன்னுதான்..."

"அசடு," என்றார் டீச்சர். "இவங்களுக்கெல்லாம் அப்பா அம்மா டாக்டரம்மா பேர வெச்சாங்க. எனக்கும் அப்படித்தான். உனக்கு ஒருத்திக்குத்தான் ஆஸ்பத்திரியே தன் பேர எழுதிக் கையில குடுத்து அனுப்பியிருக்கு."

முட்டைக்கார அம்மாள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் லாண்டரியே சிரித்தது. அண்ணியும் சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் அறுபத்து நாலு துண்டுகள் காற்றில் ஆடின. அண்ணி நீலப் புடவையில் கடைசிப் படியில் நின்றாள். ஒரே பெயரை அறுபத்து நாலு தரம் மைக்கில் சொன்னால் ஊரே குழம்பும் என்று டீச்சர் அட்டையில் இருந்த எண்களைத்தான் வாசித்தார். "ஒண்ணு", "ரெண்டு" என்று போயிற்று. "நாலு" என்றபோது அண்ணிக்கு உடம்பு ஒரு தரம் முன்னால் ஆடியதை நான் பார்த்தேன். நாற்பத்தொன்றுக்கு நான் போய்ப் பூ வாங்கி வந்தேன். அறுபத்து மூன்றும் முடிந்தது.

அண்ணிக்கு மட்டும் அட்டை கிடையாது. நேற்றுச் சாயங்காலம் சேர்ந்தவளுக்கு எங்கே அச்சடிப்பது? டீச்சர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, மைக்கில் அந்தப் பெயரைச் சொன்னார்.

சந்தையில் பத்துத் தலையைத் திருப்புகிற பெயர். படியில் அறுபத்து மூன்று பேர் இருந்தோம். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. யாரும் "என்ன?" என்று கேட்கவில்லை. அண்ணி மட்டும் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தாள், போயேன்டி என்பதுபோல. நான் வாயை இறுக மூடிக்கொண்டு, எனக்கு அப்படி ஒரு பெயரே கிடையாது என்பதுபோல, எதிரே இருந்த சைக்கிள் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் இன்னொரு தரம் சொன்னார்.

"உள்ளேன் டீச்சர்," என்றாள் அண்ணி.